ஒரு நகரம் தன் பூங்காக்களை எப்படிப் பராமரிக்கிறது? சென்னையை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

பூங்கா என்றால் மரமும் புல்தரையும் ஊஞ்சலும் நடைபாதையும் நினைவுக்கு வரும். இவற்றை அமைப்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை. டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரர் கட்டி, அமைச்சரோ மேயரோ வந்து கல்வெட்டைத் திறந்துவைத்தால் அது நிறைவடைந்துவிடும். அதன் பிறகு அந்த இடம் பூங்காவாக இருக்கும் காலமெல்லாம் நாள்தோறும் கதவைத் திறப்பதும், சருகு பெருக்குவதும், செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும், உடைந்த இருக்கையைச் சரிசெய்வதும், யார் எப்போது வரலாம் என்று விதி வகுப்பதும், அந்த நிலத்தை வேறெவரும் எடுத்துக்கொள்ளாமல் காப்பதும் யாரோ ஒருவருடைய பொறுப்பாகின்றன. இந்த இரண்டாவது பகுதிக்குத்தான் பூங்கா மேலாண்மை என்று பெயர். விளையாட்டுத் திடல், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், இறகுப்பந்துக் கூடம் போன்ற பொழுதுபோக்கு வசதிகளும் இதற்குள் அடங்கும். இது எப்படி நடக்கிறது என்பதைச் சென்னையை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

யாருடைய பூங்கா?

1992ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அதில் 12ஆவதாக இடம்பெறுகின்றன. ஆகவே பொதுவாக நகரத்துப் பூங்காக்கள் மாநகராட்சியின் பொறுப்பு. பெருநகர சென்னை மாநகராட்சி 15 மண்டலங்களிலும் 200 வார்டுகளிலுமாக எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்களைப் பராமரிக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை தெருமுனையில் இருக்கும் சிறு பூங்காக்களே.

ஆனால் நகரத்தில் பூங்கா என்று பெயர் பெற்ற எல்லாமே மாநகராட்சியுடையவை அல்ல. கதீட்ரல் சாலையில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும், அதற்கு எதிரே 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் மாநிலத் தோட்டக்கலைத் துறையிடம் உள்ளன. கிண்டி தேசியப் பூங்கா வனத்துறையைச் சேர்ந்தது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவை நதிகள் சீரமைப்புக்கென அமைந்த அறக்கட்டளை கவனிக்கிறது. பார்வையாளருக்கு இந்த வேறுபாடு தேவையற்றதாகத் தோன்றலாம். ஆயினும் நுழைவுக் கட்டணம் ஏன் ஓரிடத்தில் இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை என்பதற்கும், விளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. தவறான அலுவலகத்துக்குப் போன மனு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

முதல் வேலை நிலத்தைக் காப்பது

பூங்கா மேலாண்மை தோட்டக்காரரிடம் தொடங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நில ஆவணத்தில் தொடங்குகிறது. நகரத்தின் நடுவே கட்டடமில்லாமல் கிடக்கும் நிலம் எல்லோர் கண்ணையும் உறுத்தும். அதில் ஒரு நூலகம் கட்டலாம், குடிநீர்த் தொட்டி வைக்கலாம், வாகன நிறுத்தம் அமைக்கலாம், வார்டு அலுவலகம் எழுப்பலாம் என்ற யோசனைகள் ஓயாமல் வரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

இதற்குச் சென்னையிலேயே பெரிய சான்று உண்டு. 1859ஆம் ஆண்டில் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் ஏறத்தாழ 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' அமைக்கப்பட்டது. பின்னர் விக்டோரியா பொது அரங்கம் அந்த நிலத்தில் எழுந்தது. 1900ஆம் ஆண்டில் மூர் மார்க்கெட் வந்தது, 1913ஆம் ஆண்டில் ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கமும் வந்தது. அங்கிருந்த உயிரியல் பூங்கா 1985ஆம் ஆண்டில் வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டில் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் இடத்தை ரயில்வே கட்டடம் எடுத்துக்கொண்டது. பழைய பூங்காவின் எச்சமாக இன்று பெரியமேட்டில் 'மை லேடீஸ்' பூங்கா போன்ற துண்டு நிலங்களே மிஞ்சியிருக்கின்றன. பூங்காக்களைக் காக்க வேண்டிய மாநகராட்சியின் தலைமை அலுவலகமே ஒரு பூங்காவின் மண்ணில் நிற்கிறது என்பது வரலாற்றின் குறும்பு.

இப்படிப்பட்ட கரைதலைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் திடல்களையும் பட்டியலிட வேண்டும், பட்டியலில் ஏறிய நிலத்தை அரசின் ஒப்புதலின்றி வேறு பயனுக்குத் திருப்பக்கூடாது என்பது அதன் சாரம். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டில் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் பொதுநலத்துக்கானதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்கா நிலத்தைக் காக்க முனையும் எவரும் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

புதிய பூங்கா நிலம் எங்கிருந்து வருகிறது? 1920களில் தியாகராய நகரை உருவாக்கியபோது நடுவில் பனகல் பூங்காவை வைத்துச் சாலைகளை அதிலிருந்து பிரித்துவிட்டதுபோல, ஊரைத் திட்டமிடும்போதே பூங்காவுக்கு இடம் விடுவது ஒரு வழி. இன்று நடைமுறையில் அதிகம் பயன்படுவது 'ஓஎஸ்ஆர் நிலம்' என்று எல்லோரும் குறிப்பிடும் திறந்தவெளி ஒதுக்கீடு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ கட்ட அனுமதி கேட்பவர், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள நிலமாக இருந்து, இடம் ஒதுக்க இயலாதபோது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். பத்திரம் பதிவானால் மட்டும் போதாது. அளந்து கல் நட்டு, வேலி போட்டு, பெயர்ப்பலகை வைக்க வேண்டும். அதுவரை அந்த நிலம் பக்கத்து அடுக்ககத்தின் கார் நிறுத்தமாகவே இருந்துவிடக்கூடும்.

சில நேரங்களில் நிலம் தற்காலிகமாகவும் கைமாறும். ஷெனாய் நகரின் திரு.வி.க. பூங்கா மெட்ரோ ரயில் பணிக்காக மூடப்பட்டது. அங்கே சுரங்க ரயில் நிலையம் 2017ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டபோதிலும், பூங்கா மக்களுக்கு 2023ஆம் ஆண்டில்தான் திரும்பக் கிடைத்தது. மூடப்பட்டபோது ஊஞ்சலாடிய வயதில் இருந்த பிள்ளைகள், திறக்கப்பட்டபோது கல்லூரியை எட்டியிருப்பார்கள். ஆகவே 'தற்காலிகம்' என்ற சொல்லோடு எந்தத் தேதி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், இழந்த மரங்களுக்கு ஈடாக எங்கே எத்தனை மரங்கள் நடப்படும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமை.

கட்டப் பணம், காக்கப் பணம்

மாநகராட்சிக் கணக்கில் பணம் இரண்டு வகைப்படும். புதிதாக ஒன்றை உருவாக்கச் செலவிடுவது மூலதனச் செலவு. உருவாக்கியதை ஓட்டிக்கொண்டிருக்கச் செலவிடுவது வருவாய்ச் செலவு. முதல் வகைக்கு மத்திய, மாநில அரசுத் திட்டங்கள், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று பல வாசல்கள் உண்டு. இரண்டாவது வகை பெரும்பாலும் மாநகராட்சியின் சொந்த வரி வருமானத்திலிருந்தே வர வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், பல பூங்காக்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துப் புதுப்பிப்பதும், இடைப்பட்ட ஆண்டுகளில் அவை துருப்பிடித்துக் கிடப்பதும் ஏன் என்பது விளங்கும். புதுப்பிக்கப் பணம் கிடைக்கும், பழுதுபார்க்கக் கிடைக்காது.

ஊஞ்சலையே எடுத்துக்கொள்வோம். அதன் பலகையும் கம்பமும் எளிதில் கெடுவதில்லை. மேலே குறுக்குக் கம்பியில் சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கிதான் தேயும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இரும்போடு இரும்பு உரசி, வளைவின் உட்புறத்தில் மட்டும் சிறிது சிறிதாகப் பள்ளம் விழும். கீழே நின்று பார்த்தால் அது தெரியாது. ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும். கொக்கியை மாற்றச் சில நூறு ரூபாய்கூட ஆகாது. ஆனால் ஏறிப் பார்ப்பது யார் வேலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, பார்த்ததை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால், கொக்கி ஒரு குழந்தை ஆடும்போது அறுந்தே தன் நிலையைத் தெரிவிக்கும். அப்படி ஒன்று நிகழ்ந்தால், மறுநாள் நகரத்திலுள்ள எல்லா ஊஞ்சல்களையும் கயிற்றால் கட்டிவைத்துவிடுவார்கள். நல்ல மேலாண்மை என்பது பெருமளவு இத்தகைய சோதனைப் பட்டியல்களால் ஆனது. அதில் புகைப்படம் எடுத்துப் போட ஒன்றுமில்லை.

பராமரிப்பை இன்று பல இடங்களில் மாநகராட்சி ஊழியர்கள் நேரடியாகச் செய்வதில்லை. சில பூங்காக்களைத் தொகுப்பாக்கி ஒப்பந்ததாரரிடம் விடுகிறார்கள். இதில் தவறில்லை, ஒப்பந்தத்தில் எதை அளக்கிறோம் என்பதே முக்கியம். எத்தனை ஆட்கள் வேலைக்கு வந்தார்கள் என்று மட்டும் அளந்தால் வருகைப் பதிவேடு நிரம்பியிருக்கும், பூங்கா காய்ந்திருக்கும். புல் என்ன உயரத்தில் இருக்க வேண்டும், கழிப்பறை நாளுக்கு எத்தனை முறை கழுவப்பட வேண்டும், எரியாத விளக்கை எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று விளைவை அளந்து, குறைந்தால் தொகையைப் பிடித்தால்தான் நிலைமை மாறும்.

தண்ணீர், மண், மரம்

ஒரு ஏக்கர் புல்தரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீர் தேவை என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 20,000 லிட்டர் ஆகும். அதாவது தினமும் இரண்டு லாரித் தண்ணீர். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நகரத்தில், இந்தக் கணக்கு ஒரு பூங்காவின் தலைவிதியையே தீர்மானிக்கிறது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருந்தால் நிலத்தடி நீர் இறங்கும்போது மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுவது சிறந்த மாற்று. ஆனால் அதற்குக் குழாயோ லாரியோ வேண்டும், நீரின் தரத்தைச் சோதிக்க ஆள் வேண்டும்.

என் கருத்தில், சென்னை போன்ற வெப்பமான கடற்கரை நகரத்தில் கம்பளம் விரித்ததுபோன்ற புல்தரை ஒரு தேவையற்ற ஆசை. 'புல்லை மிதிக்காதீர்' என்ற பலகையோடு காக்கப்படும் அந்தப் பரப்பில் யாரும் உட்காருவதுமில்லை, அதிலிருந்து நிழல் விழுவதுமில்லை. அதே தண்ணீரில் பத்து மரங்களை வளர்த்தால் நண்பகலிலும் பூங்காவில் ஆள் இருப்பார்கள்.

எந்த மரம் என்பதும் நிர்வாக முடிவுதான். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல்லாயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விரைவில் நிழல் தரும், கண்ணைப் பறிக்கும் பூ பூக்கும் என்பதற்காக நடப்பட்ட செம்மயிற்கொன்றை போன்ற அயல் மரங்கள் அவற்றில் மிகுதி. வேம்பு, புங்கம், பூவரசு, புன்னை, மகிழம் போன்றவை அவற்றைவிட மெதுவாக வளர்பவை. திறப்பு விழாவுக்குள் நிழல் தர அவற்றால் முடியாது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அவைதான் நிற்கும். மரம் சாய்ந்ததற்குக் காற்றை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசுவதும், பேவர் கல்லை வேர்மேல் இறுக்கிப் பதிப்பதும், மழைநீர் வடிகாலுக்காக ஒருபக்க வேரை வெட்டுவதும் மரத்தின் பிடியைத் தளர்த்துகின்றன. நடைபாதை போடுபவர் ஒரு பிரிவு, வடிகால் தோண்டுபவர் இன்னொரு பிரிவு, மரத்தைக் காப்பவர் மற்றொரு பிரிவு என்றிருக்கும் அமைப்பில், வேருக்காகப் பேச ஆளில்லாமல் போகிறது.

2021ஆம் ஆண்டு இறுதியில் பெய்த பெருமழைக்குப் பிறகு மாநகராட்சி பல பூங்காக்களில் குளம்போன்ற பள்ளங்களை அமைத்து, சுற்றியுள்ள தெரு நீரையும் வாங்கிக்கொள்ளும்படி செய்தது. இவற்றை 'ஸ்பாஞ்ச் பூங்கா' என்கிறார்கள். தெருவில் தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்குகிறது, அதுவே கோடையில் பூங்காவின் கிணற்றுக்கு உதவுகிறது. எனினும் மழைக்காலத்துக்கு முன் வண்டலையும் பிளாஸ்டிக்கையும் வாரி எடுக்காவிட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அடி அடைபட்டு அது வெறும் கொசுக் குட்டையாகிவிடும். மறுபடியும் கேள்வி பராமரிப்பில்தான் வந்து நிற்கிறது.

யார் வரலாம், எப்போது வரலாம்

பூங்காவுக்கு வருபவர்களின் தேவைகள் ஒன்றோடொன்று மோதும். அதிகாலையில் 'எட்டு' வடிவப் பாதையில் நடக்கும் முதியவர்களுக்கு அமைதி வேண்டும். மாலையில் வரும் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட வேண்டும். நடுப்பகலில் உணவு விநியோக ஊழியரும் கட்டுமானத் தொழிலாளியும் நிழலில் அரைமணி நேரம் சாய வேண்டும். காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்து நண்பகலில் பூட்டும் வழக்கம், வீட்டில் மின்விசிறி உள்ளவர்களுக்கே பூங்காவைத் தந்துவிடுகிறது. தேவை மிகுந்தவர் வரும் நேரத்தில் கதவு சாத்தியிருப்பதை நியாயப்படுத்த முடியாது.

பெண்கள் வருவார்களா என்பதைத் தீர்மானிப்பவை மூன்றே: வெளிச்சம், கழிப்பறை, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும்படியான சுற்றுவேலி. உயர்ந்த மதில் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் தெருவின் பார்வை படாத இடம்தான் அச்சம் தருகிறது. சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வாசல் இல்லாத பூங்காக்கள் இன்றும் நிறைய உள்ளன. இருசக்கர வண்டியைத் தடுக்க வைத்த வளைந்த கம்பி, நாற்காலியில் வருபவரையும் தடுத்துவிடுகிறது.

சிக்கல் வந்தால் மூடிவிடுவது நிர்வாகத்துக்கு எளிய வழி. 1968ஆம் ஆண்டு வர்த்தகப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்ட, அண்ணா நகர்ப் பூங்காவிலுள்ள கோபுரத்தில் ஏறுவதற்கு, உயிரிழப்புகளுக்குப் பிறகு 2011ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. தடுப்புக் கம்பிகள் அமைத்து மீண்டும் திறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. கம்பி போடுவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை என்பது கட்டடம் கட்டும் எவருக்கும் தெரியும்.

திடலுக்குக் கட்டணமா?

விளையாட்டு வசதிகளில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. காரணம், செலவு அதிகம். நீச்சல் குளத்துக்குக் குளோரின், வடிகட்டும் இயந்திரம், உயிர்காப்பாளர் ஆகியவை வேண்டும். மெரினாவிலும் மை லேடீஸ் பூங்காவிலும் உள்ள குளங்களுக்குக் கட்டணம் இருப்பது எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. மண் திடல் வேறு. வடசென்னையில் கால்பந்தும் கேரமும் குத்துச்சண்டையும் வளர்ந்தது காசு கேட்காத இடங்களில்தான்.

2024 அக்டோபர் இறுதியில் மாநகராட்சி மன்றம் செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றியது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். எதிர்ப்பு உடனே எழுந்தது; உடனடியாக முடிவு திரும்பப் பெறப்பட்டு, திடல்கள் கட்டணமின்றி நீடிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னிருந்த கணக்கு அறிவிப்போடு மறைந்துவிடவில்லை. செயற்கைப் புல் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும், மாற்றுவது பெருஞ்செலவு. மண் திடலில் இல்லாத செலவைத் தலையில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் கட்டணம் என்ற பேச்சே வந்தது. எந்த வசதியை அமைப்பது என்று முடிவு செய்யும் நாளிலேயே, பத்தாண்டுகளுக்கு அதை யார் பணத்தில் ஓட்டுவது என்பதையும் தாளில் எழுதிவிட வேண்டும்.

தத்தெடுப்பு இன்னொரு வழி. அமிர்தாஞ்சன் தைல நிறுவனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கிய, மயிலாப்பூரின் லஸ் பகுதியிலுள்ள பூங்காவைச் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் பராமரித்துவருகிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியும் நடக்கிறது. வசதியான பகுதியில் இது நன்றாகவே இயங்குகிறது. ஆனால் புரவலர்கள் லஸ்ஸுக்கு வருவதுபோல் வடசென்னையின் வியாசர்பாடிக்கு வரிசையில் வருவதில்லை. ஆகவே தத்தெடுப்பால் மிச்சமாகும் மாநகராட்சிப் பணம், புரவலர் கிடைக்காத பூங்காக்களுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் தெருப் பூங்காவைப் பற்றி அறிய

விளக்கு, குப்பை, உடைந்த உபகரணம் பற்றி மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம்; புகார் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. நிலம் தொடர்பான ஐயமென்றால், அது மாநகராட்சியின் பூங்காப் பட்டியலில் உள்ளதா, ஓஎஸ்ஆர் நிலமாயின் தானப் பத்திர எண் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலையும் அதே வழியில் பெறலாம். திறக்கும் நேரத்தை மாற்றுவது, விளையாட இடம் ஒதுக்குவது போன்றவற்றுக்கு மாமன்ற உறுப்பினரும் அப்பகுதி மக்களும் கூடிப் பேசும் வார்டு குழுவும் பகுதி சபையும் பொருத்தமான இடங்கள். அங்கே போகும்போது நடைப்பயிற்சிக் குழுவினர் மட்டும் போகாமல், அந்தப் பூங்காவில் விளையாடும் பிள்ளைகளில் இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்பது வேறாக இருக்கும்.